மங்கையர் நலக் கூடத் திறப்பு விழா

எழுபத்தைந்தாம் வருஷத்தை மகளிர் ஆண்டு என்று உலகம் அறிவித்தது. அறிவித்துவிட்டு உலகம் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது. எங்கள் திருவண்ணாமலையில் அப்படி விட முடியுமா? உடனே ஒரு குழு அமைத்துவிட்டார்கள். சரித்திர மங்கையர் போற்றுதல் குழு என்று பெயர். தலைவர் மல்லாட்டை மண்டி சகாதேவன், வேர்க்கடலை மொத்த வியாபாரி. செயலாளர் இராமலிங்கம், பள்ளிகளை ஆய்வு செய்து ஓய்வு பெற்றவர், ஆய்வை மட்டும் இன்னும் நிறுத்தாதவர். மற்ற உறுப்பினர்கள் மண்டிக்குக் கணக்குப் பேச வருகிறவர்கள்.

குழுவில் பெண்கள் கிடையாது. காரணம் இருந்தது. கூட்டம் மண்டி மாடியில், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நடந்தது. அந்த நேரத்தில் குடும்பப் பெண்கள் மாடிப்படி ஏறினால் நன்றாக இருக்காது. பெண்களின் கௌரவத்தை முன்னிட்டே அவர்களைச் சேர்க்கவில்லை என்று முதல் தீர்மானமே சொன்னது.

லாரிகளில் சரித்திரப் பெண்களை நிறுத்தி நாலு மாட வீதியும் சுற்றி வருவது என்று முடிவாயிற்று. எந்தெந்தப் பெண்கள் என்பதில்தான் சண்டை. குதிரை மேல் வாளோடு ஒரு ராணி வேண்டும் என்பதில் எல்லாரும் ஒன்று. அது சிவகங்கை ராணியா ஜான்சி ராணியா என்பதில் குழு இரண்டாகப் பிளந்தது. மூன்று கூட்டம் போட்டும் தீராமல், கடைசியில் தலைவர் தீர்ப்புச் சொன்னார்: ராணி ஒருத்தி, பலகை இரண்டு. லாரியின் இடது பக்கம் சிவகங்கை, வலது பக்கம் ஜான்சி. எந்தப் பக்கம் நின்று பார்க்கிறவனுக்கும் திருப்தி.

"நம்ம வடக்குக் கோபுரத்த முடிச்ச அம்மணியம்மா?" என்று யாரோ கேட்டார்கள். பணத்துக்காக வீடு வீடாய்ப் போய்க் கேட்டு அந்தக் கோபுரத்தை எழுப்பிய பெண் என்று எங்கள் ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

"அவங்க உள்ளூர்தானே, எங்க போயிடப் போறாங்க?" என்றார் சகாதேவன். "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

விழாவின் நினைவாக நிரந்தரமாய் ஏதாவது கட்ட வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வேறு வந்திருந்தது. வட ஒத்தவாடைத் தெருவில், அம்மணியம்மாள் கோபுரத்துக்கு எதிரே, பெண்களுக்கு ஒரு கழிப்பறை கட்டினார்கள். ஒரே ஒரு அறை. இதைக் குறை சொல்ல மாட்டேன்; சந்தைக்கும் சாமிக்கும் வரும் பெண்களுக்கு அந்தப் பக்கம் ஒதுங்க இடமே இல்லை. ஆனால் அழைப்பிதழ் அச்சடிக்கும்போது செயலாளர் பேனாவை மூடி வைத்துவிட்டார். சென்னையிலிருந்து வரும் பெரியவர் திருக்கரத்தால் திறந்து வைக்கப்போவது கழிப்பறை என்று எப்படிப் போடுவது? ஒரு வாரம் யோசித்து 'மங்கையர் நலக் கூடம்' என்று போட்டார். பெரியவரும் அதைப் படித்துவிட்டு, குத்துவிளக்கு ஏற்றி ஐந்து நிமிஷம் பேசுவதாகப் பதில் எழுதினார்.

லாரியில் நிற்கப் பெண்கள் வேண்டுமே. அதற்கு அரசு அலுவலகங்கள் இருந்தன. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த கஸ்தூரிக்கு ஒரு சனிக்கிழமை உத்தரவு வந்தது. 'மேற்படி பணியாளர் வரும் ஞாயிறு பிற்பகல் ராணியாகப் பணியாற்றுவார். இதற்கு மிகைநேரப் படி கிடையாது.' கஸ்தூரி அதை இரண்டு தடவை படித்தாள். காலம் முழுக்க 'நம்பர் ப்ளீஸ்' சொல்லிக்கொண்டிருந்தவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மேலதிகாரியிடம் போய், "சார், எந்த ராணிங்க?" என்று கேட்டாள்.

"ரெண்டு ராணி," என்றார் அவர். "நல்லா பண்ணும்மா. ஆபீஸ் பேரு கெட்டுடக் கூடாது."

தாலுக்கா ஆபீஸ் டைப்பிஸ்ட் ரசியா பேகம் டெல்லி சுல்தானாவாக இரண்டாவது லாரியில் அரியணை ஏறியது அவள் பெயரால். "பேரே ரசியா! வேற யாருப்பா இருக்காங்க?" என்று குழு ஒரே குரலில் கேட்டதாம். அவளுக்கு அப்போது ஐந்தாம் மாதம். தாசில்தாரிடம் அதைச் சொல்லக் கூச்சம். அவள் வீட்டுக்காரர் ஹபீப் முகம்மது, தையற்கடைக்காரர், துணிந்து தலைவரிடம் போய்ச் சொன்னார். "ராணி உக்காந்துகினுதானேப்பா இருக்கப் போறாங்க, அதுல இன்னா கஷ்டம்?" என்று கேட்டுவிட்டு, ராணிகளின் உடைகளை இலவசமாகத் தைத்துக் கொடுக்கும் பொறுப்பையும் தலைவர் அவரிடமே ஒப்படைத்தார்.

மூன்றாவது லாரி கலைக்கு. இதற்கு மட்டும் நிஜமான ஒரு நாடகக்காரியைப் பிடித்தார்கள். ராஜம்மாள். ஐம்பது வயது. செங்கம், போளூர், ஆரணி என்று மைக் இல்லாத காலத்திலேயே மேடை ஏறி, கடைசி வரிசையில் தூங்குகிறவனை எழுப்பிய குரல். கூத்தாடிப் பெண்ணை ராணிகளோடு சரிசமமாக விடுவதா என்று இதற்கும் ஒரு கூட்டம் நடந்தது. அவள் லாரி கடைசியாகப் போகும், பலகையில் பெயர் இருக்காது என்று சமாதானமானார்கள். 'பெயர் அறியப்படாத ஆடல்மங்கை, சோழர் காலம்' என்று எழுதிக் கட்டினார்கள்.

"எம் பேர ஒரு ஓரமா போடக் கூடாதுங்களா?" என்று கேட்டாள் ராஜம்மாள். "இத்தினி வருஷமா நோட்டீஸ்ல கூட 'மற்றும் பலர்'ல தாங்க வர்றேன்."

"நீங்க பேரோட இருந்தா பேர் அறியப்படாதவங்களா எப்டி இருக்க முடியும்?" என்று கேட்டார் இராமலிங்கம்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கெல்லாம் லாரிகள் வட ஒத்தவாடைத் தெருவில் வரிசையாய் நின்றன. ஆவணி மாதத்து வெயில், மலைப்பாறையில் பட்டுத் திரும்பித் தெருவில் விழுந்தது. மூன்று மணிக்குப் பெரியவர் வந்து கொடி அசைத்தால் லாரிகள் புறப்படும். மூன்று மணிக்கு அவர் செஞ்சியில் சாப்பிட்டுக்கொண்டிருப்பதாகத் தகவல் வந்தது.

கஸ்தூரி, லாரியில் ஏற்றி நிறுத்தியிருந்த ஜட்காக்கார மக்பூலின் குதிரை மேல், வெள்ளிக் காகிதம் ஒட்டிய மரக்கத்தியைத் தூக்கிப் பிடித்திருந்தாள். கையை இறக்கினால் கீழேயிருந்து முருகையன் குரல் கொடுப்பான். முருகையன் தொண்டர். லாரியிலிருந்து மங்கையர் இறங்காமல் பார்த்துக்கொள்வது அவன் பொறுப்பு. சட்டையில் அப்படியே எழுதிக் குத்தியிருந்தார்கள்.

இதற்கு நடுவே உபசரிப்புக் கிளைக்குழு வேலையைத் தொடங்கியது. மங்கையருக்கு இளநீர் என்று செலவு ஒப்புதல் ஆகியிருந்தது. ஒரு லோடு வந்து இறங்கியிருந்தது. மீதம் வைத்தால் கணக்கில் கேள்வி வரும். ஆகவே உறுப்பினர்கள் ஒவ்வொருவராக லாரியில் ஏறி, ராணிக்கு இளநீர் கொடுத்து, போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். வேண்டாம் என்றால் அந்த உறுப்பினருக்கு அவமரியாதை. ஒருவர் கையில் வாங்கிக் குடித்துவிட்டு இன்னொருவர் கையில் வாங்க மறுத்தால் கோஷ்டி. கஸ்தூரி குடித்தாள். ரசியாவும் குடித்தாள்.

நான்கு மணிக்கு ரசியா அரியணையில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். பிறகு மறுபக்கம் சாய்ந்தாள். பக்கத்து லாரியைப் பார்த்து மெதுவாய்க் கூப்பிட்டாள்.

"அக்கா, முடியலக்கா. வயித்துல புள்ள வேற அழுத்துது. நான் ஒரு நிமிஷம் போயிட்டு வந்துடட்டா?"

கஸ்தூரியின் நிலைமையும் அதுதான். அவள் அதுவரை வெட்கப்பட்டுக்கொண்டு கால் மாற்றிக் கால் மாற்றி உட்கார்ந்திருந்தாள். ரசியாவின் முகத்தைப் பார்த்ததும் வெட்கம் போய்ப் பயம் வந்தது. உதடு வெளுத்து, நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

"முருகையா, அந்தப் பொண்ணக் கொஞ்சம் எறக்கி விடுப்பா. எதிர்லதான் இருக்கு."

எதிரே இருந்தது. புதுச் சுண்ணாம்பு அடித்து, மாவிலைத் தோரணம் கட்டி, கதவுக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பனோடு மங்கையர் நலக் கூடம் பளபளத்தது. கதவில் பூட்டு. சாவி மேடையில், வெள்ளித் தட்டில், கத்திரிக்கோலுக்குப் பக்கத்தில்.

"அய்யய்யோ, அது இன்னும் தொறக்கலைங்களே," என்றான் முருகையன். "தொறந்தப்புறம் போலாம்."

"எப்பத் தொறப்பாங்க?"

"பெரியவரு வந்து."

"வேற எங்கனா?"

இரு பக்கமும் சவுக்குக் கம்பு கட்டித் தெருவை அடைத்திருந்தார்கள், மங்கையரின் பாதுகாப்புக்காக. கம்புக்கு அப்பால் தலை தலையாய்க் கூட்டம். கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸிலும் வேனிலும் வந்திறங்கிய பெண்கள், ராணிகளைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முருகையன் செயலாளரைக் கூட்டி வந்தான்.

இராமலிங்கம் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு பழைய ஆய்வாளர் குரலில் கேட்டார்: "ஏம்மா, சரித்திரத்துல எந்த ராணியாவது ஊர்வலத்துக்கு நடுவுல எறங்கினதா படிச்சிருக்கியா?"

"நான் பத்தாவதுதாங்க," என்றாள் கஸ்தூரி.

"நான் எம்.ஏ. எங்கயும் இல்ல."

அவர் சொல்லி முடிக்கவும் மக்பூலின் குதிரை பின்னங்கால்களை அகட்டியது. லாரிப் பலகையில் விழுந்த சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. யாரும் அவசரப்படுத்தவில்லை. குதிரை நிதானமாக முடித்துவிட்டு வாலை ஒரு தரம் ஆட்டியது. உபசரிப்புக் கிளைக்குழு ஒரு கூடை வைக்கோல் கொண்டுவந்து போட்டது.

"இதுக்கு எந்தக் கமிட்டிங்க பர்மிஷன் குடுத்துச்சு?" என்று கேட்டாள் கஸ்தூரி.

செயலாளர் கோபித்துக்கொள்ளவில்லை. விஷயத்தின் அவசரம் அவருக்குப் புரிந்துவிட்டது. மேடைக்குப் பின்னால் குழுவின் அவசரக் கூட்டத்தைக் கூட்டினார். அரை மணி நேரம் விவாதம் நடந்தது. முதலில், மங்கையர் நலக் கூடத்தை மங்கையர் பயன்படுத்தலாமா என்பதே விவாதமாயிற்று. பயன்படுத்தினால் அழுக்காகும். அழுக்கான இடத்தைப் பெரியவர் திறப்பதா? அவர் குத்துவிளக்கு வேறு ஏற்ற வேண்டும். திறந்து, படம் எடுத்ததும், சுத்தம் கெடாமல் அடுத்த ஆண்டு விழா வரை பூட்டி வைப்பது என்று ஒருவர் சொன்னது எல்லாருக்கும் பிடித்துப்போய் அப்போதே தீர்மானமானது. ராணிகளின் சிரமத்துக்குக் குழு ஆழ்ந்த வருத்தம் தெரிவிப்பது என்பது இரண்டாவது தீர்மானம். மூன்றாவது தீர்மானத்தை முருகையன் கையில் ஏந்திக்கொண்டு வந்தான். இரண்டு இளநீர்.

அதைப் பார்த்ததும் ரசியா அழுதுவிட்டாள்.

பெரியவர் கீழ்பென்னாத்தூர் வந்துவிட்டார், அங்கே மாலை போடுகிறார்கள் என்று அடுத்த தகவல் வந்தது. ஜனங்கள் கலையத் தொடங்கினார்கள். ஜனங்களை நிறுத்தத் தலைவர் மைக்கைப் பிடித்தார். நான் மேடைக்கு அருகில்தான் நின்றிருந்தேன். ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன்.

"தாய்மார்களே! பெண்ணுன்னா யாரு? பூமாதேவி. நம்ம எல்லாரையும் தாங்கறா. வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்றாளா? சொல்றதில்ல! அதான் வீரம். அதோ பாருங்க நம்ம ராணிங்கள. ரெண்டு மணியிலேருந்து இந்த வெயில்ல அசையாம நிக்கறாங்க. யாரு நிப்பா? ஆம்பள நிப்பானா? நான் நிப்பனா? ரெண்டு தடவ வூட்டுக்குப் போயிட்டு வந்துட்டேன்! என் சம்சாரத்தையே எடுத்துக்கோங்க. இருபது வருஷத்துல எம் முன்னாடி உக்காந்ததில்ல. இன்னும் சொல்லப்போனா, அவ கொரலு எப்டி இருக்கும்னே எனக்குச் சரியா ஞாபகமில்ல. அப்பேர்ப்பட்ட குடும்பம்! அப்பேர்ப்பட்ட பெண்களுக்குத்தான் இந்த நலக் கூடத்த, எங்க கைக்காசு போடாட்டியும், முன்ன நின்னு கட்டியிருக்கோம். பொறுமைக்குக் கெடைச்ச பரிசு அது!"

குழு உறுப்பினர்கள் கை தட்டினார்கள்.

கஸ்தூரி மேலே கோபுரத்தைப் பார்த்தாள். அத்தனை உயரத்தையும் ஒருத்தி வாய்விட்டுக் கேட்டுத்தான் கட்டினாள் என்று அப்போது நினைத்தாளாம். பிறகு என்னிடம் சொன்னாள். நான் பார்த்தது இதுதான்: மரக்கத்தியைக் குதிரையின் கழுத்துக் கயிற்றில் மாட்டிவிட்டு, புடவையைச் செருகிக்கொண்டு, சிவகங்கைப் பக்கமாகக் குதித்தாள். முருகையன் ஓடி வந்தான்.

"அக்கா, எறங்கக் கூடாதுக்கா! எம் பொறுப்புக்கா!"

"நீ ஜான்சி பக்கம் போய் நில்லு. அங்கே யாரும் எறங்கல."

அவன் குழம்பிப்போய் உண்மையிலேயே மறுபக்கம் போனான். அதற்குள் கஸ்தூரி டெல்லி லாரியில் ஏறி, ரசியாவைத் தோளோடு அணைத்து இறக்கிவிட்டாள். இறக்கி நடத்தி ரிப்பன் வரை கொண்டுபோய்விட்டாள். அப்புறம்தான் பூட்டு ஞாபகம் வந்தது. மேடையைச் சுற்றி உறுப்பினர்கள் நிற்கிறார்கள். சாவியை எப்படி எடுப்பது என்று கஸ்தூரிக்குத் தெரியவில்லை. ரசியா கதவைப் பிடித்துக்கொண்டு, "யா அல்லா, யா அல்லா," என்று முணுமுணுத்தாள்.

கடைசி லாரியில் ஒற்றைக் காலைத் தூக்கி நின்ற ஆடல்மங்கை அப்போது காலைக் கீழே வைத்தாள்.

"நீ அவளப் புடிச்சுக்கோ கண்ணு. சாவிய நான் பாத்துக்கறேன்."

ராஜம்மாள் மேடைப் படியில் ஏறியபோது தலைவர் பெண்ணின் நாணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அவள் மைக் பக்கமே போகவில்லை. மேடை நடுவில் நின்று, இடுப்பில் ஒரு கை வைத்து, வாயைத் திறந்தாள்.

"யாரங்கே! அரண்மனை வாயிலில் அரசியர் காத்திருக்கிறார்கள்! திறவுகோல் எங்கே? கொண்டு வா இங்கே!"

தெருவே அதிர்ந்தது. பின்வரிசையில் விசில் பறந்தது. கலைந்துபோன ஜனமெல்லாம் திரும்பி ஓடி வந்தது. இது நிகழ்ச்சியில் உண்டா இல்லையா என்று உறுப்பினர்களுக்குச் சந்தேகம். இராமலிங்கம் கண்ணாடியை மாட்டி நிகழ்ச்சிநிரலைப் புரட்டினார். கைதட்டல் பலமாக இருந்ததால், நிகழ்ச்சிதான் போலிருக்கிறது என்று முடிவு செய்த சகாதேவன், தானே வெள்ளித் தட்டை எடுத்து, நாடகத்தில் மந்திரி குனிவது மாதிரி குனிந்து நீட்டினார். கத்திரிக்கோலை விட்டுவிட்டுச் சாவியை மட்டும் எடுத்துக்கொண்டு ராஜம்மாள் இறங்கினாள்.

அவள் பூட்டைத் திறந்து சாவியைக் கஸ்தூரியிடம் கொடுத்ததும், ரிப்பனுக்கு அடியில் குனிந்து ரசியா உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. அவள் வெளியே வந்தபோது முகம் தெளிந்திருந்தது. வாசல் கல்லில் உட்கார்ந்து, தலையிலிருந்த கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "போய்ட்டு வாக்கா," என்றாள். கஸ்தூரி போய் வந்தாள். பிறகு ராஜம்மாள் போக வேண்டும்.

அதற்குள் சவுக்குக் கம்புக்கு அடியில் குனிந்து ஒரு பெண் வந்து நின்றாள்.

"நாங்களும் காலையிலேருந்து வந்து நின்னுகினு இருக்கோம் தாயி. போலாங்களா?"

"நீ போம்மா மொதல்ல," என்றாள் ராஜம்மாள். "நான் எப்பவும் கடைசி லாரிதான்."

அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. பிறகு இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி. கம்பு எங்கோ ஒடிந்தது. ராஜம்மாளும் நடுவில் ஓரிடம் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் வரிசை தெரு முனை வரை நீண்டது. குழு ஓடி வந்தது. தலைவர் முதலில் பார்த்தது ரிப்பனை. அது அறுபடாமல் அப்படியே இருந்தது. பெண்கள் எல்லாரும் குனிந்துதான் போய்க்கொண்டிருந்தார்கள். அவருக்கு உயிர் வந்தது.

"சாவியக் குடும்மா. பூட்டிடலாம்."

"இடுப்புல இருக்குங்க," என்றாள் கஸ்தூரி. "நாளைக்கும் தொறக்கணும்ல."

"அது குழுவோட சொத்து!"

"அப்ப எக்ஸ்சேஞ்சுக்கு வந்து கேளுங்க. நான் டூட்டியில இருப்பேன்."

இப்படி ஒரு குரலைத் தலைவர் வீட்டில் கேட்டதில்லை. என்ன பதில் சொல்வது என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே தெருமுனையில் கார் ஹாரன் கேட்டது.

பெரியவர் இறங்கினார். வரிசையாய் நிற்கும் பெண்களைப் பார்த்ததும் அவருக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. தனக்காக இத்தனை கட்டுப்பாட்டோடு நிற்கும் தாய்மார்களை எந்த ஊரிலும் பார்த்ததில்லை என்று சொல்லி, முனையிலிருந்து ஒவ்வொருவராய்க் கும்பிட்டுக்கொண்டே வந்தார். வரிசை நகர்ந்தால் போதும் என்று அவர்களும் அவசரமாய்க் கும்பிட்டார்கள். பேண்டு வாசித்தார்கள். இராமலிங்கம் நலக் கூடத்தின் வாசலுக்கு மைக்கை நகர்த்தினார். ஒருவர் குத்துவிளக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். பெரியவர் ரிப்பனை வெட்டினார். கை தட்டல். வலது காலை முன்னால் வைத்துக் கதவைத் தள்ளினார்.

கதவு அசையவில்லை. இன்னொரு தரம் தள்ளினார்.

"ஆள் இருக்கு!" என்றது உள்ளே ஒரு குரல்.

மைக் கதவுக்குப் பக்கத்தில் இருந்ததால், நாலு மாட வீதியிலும் கட்டியிருந்த ஒலிபெருக்கிகள் எல்லாம் ஆள் இருக்கிறது என்று அறிவித்தன. பெரியவர் கையை எடுத்துவிட்டார். கூடத்தின் உள்ளே என்னதான் இருக்கிறது என்று அவருக்கு முதல் முறையாகச் சந்தேகம் வந்தது.

"யாருய்யா உள்ளே?" என்று செயலாளரிடம் கேட்டார்.

இராமலிங்கம் பொய் சொல்லத் தெரியாதவர். குரல் யாருடையது என்று தெரிந்துகொண்டு கடைசி லாரியைப் பார்த்தார். அது காலியாக இருந்தது. பலகையைப் படித்தார்.

"பெயர் அறியப்படாத ஆடல்மங்கைங்க."

"எம் பேரு ராஜம்மா!" என்றது ஒலிபெருக்கி. "இருங்க, வர்றேன்."

பெரியவர் இருந்தார். அவருக்குப் பின்னால் தலைவரும், செயலாளரும், விளக்கோடு நின்றவரும், மற்ற உறுப்பினர்களும் வரிசையாய்க் காத்திருந்தார்கள்.